விலக்கு வாசகம்

கோட்டையில், ஏழாம் மாடியில்,
ஏசி சொட்டும் மூலை மேசையில்
ஒரு செய்மதிக்குக் காப்புறுதி விலை போடுகிறேன்.
கப்பலுக்குப் போட்டிருக்கிறேன், தேயிலைக் களஞ்சியத்துக்கு,
ஒருமுறை பெரஹெராவில் நடந்த யானைக்கு.
வானத்துக்கு இதுதான் முதல் தடவை.

படிவம் கேட்கிறது: பயன்பாடு?
அவர்கள் எழுதியிருக்கிறார்கள்: குடிசார்.

மழைச் செய்தி. வங்கிகளின் காசு இயந்திரங்கள்.
பதுளையில் எடுத்த எக்ஸ்ரே
கொழும்பு வைத்தியரின் திரைக்கு வந்து சேரும் வழி.
முகத்துவாரத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு
இருபது நாள் கடலுக்குப் போகும்
சவிரிமுத்துவின் றோலருக்கு
நீ இங்கே நிற்கிறாய் என்று சொல்லும் குரல்.

நாற்பத்தோராம் பக்கம், பின்னிணைப்பு, எறும்பெழுத்து:
நான்காம் அலைவரிசை
அரச பங்காளி ஒருவருக்கு வாடகைக்கு.
எந்த அரசு? என்ன பங்கு?
மின்னஞ்சல் போட்டேன்.
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே பதில்:
ஒன்றுமில்லை மிஸ், கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது,
ஒரு கடற்படை எடுத்திருக்கிறது.
பார்ப்பதற்கு மட்டும்.

பார்ப்பதற்கு மட்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்து மேல்மாடிக்கும்,
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் தலைக்கு நேர் மேலே,
அவர்கள் பார்ப்பதற்கு மட்டும்தான் வந்தார்கள்.
மண்மூட்டை, ஒரு தொலைநோக்கி,
ஒரு தேத்தண்ணிக் கேத்தல்.
கீழே நாங்கள் முக்கோணத்தின் கோணங்களைக்
கூட்டிக்கொண்டிருந்தோம்.
எங்கிருந்தோ எறிந்தவனுக்கு
எங்கள் நேரசூசி தெரியாது.
அவனுக்குத் தெரிந்தது மேல்மாடி.
விழுந்தது கரும்பலகையில்.
நூற்றெண்பது என்ற விடையில்
சைபர் இன்னும் போடப்படவில்லை.

அடுத்த மேசை நிஃப்லா சிரிக்கிறாள்:
அது ஆகாயம் அக்கா,
அங்க போய் ஆர் அடிக்கப் போறான்?

அடிக்கவே தேவையில்லையடி.
கண் கூசச் செய்தால் போதும்.
தரைநிலையத்துக்குள் ஒரு பொய்க் கட்டளை
ஊழியனைப்போல் நுழைந்தால் போதும்.
பக்கத்தில் இன்னொன்று வந்து
சும்மா நின்றாலே போதும்.
நாலை நிறுத்த வருகிறவன்
ஒன்றையும் இரண்டையும் எண்ணிப் பார்ப்பானா?
ஒரே மின்கலம், ஒரே முதுகெலும்பு.
அதற்குள் சுவர் இல்லை.
சீருடையைக் கழற்றி மாட்ட
ஓர் ஆணிகூட இல்லை.

டில்ஹானி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
போர் விலக்கு வாசகத்தைப் போடுங்கள்,
பிரீமியத்தைக் கொஞ்சம் குறையுங்கள், முடிந்தது.
எங்கள் கெட்டித்தனம் அதுதான்:
அடி விழுந்தால் ஒரு சதமும் கொடுக்க மாட்டோம்.
பதுளையின் உடைந்த விலா
இந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை.

ஐந்தே முக்கால் ரயில். வாசலில்தான் இடம்.
கொள்ளுப்பிட்டி தாண்டுகையில் போனைப் பார்த்தேன்.
நீலப் புள்ளி என்னைக்
கடலுக்குள் இரண்டு கிலோமீற்றர் தள்ளி வைத்திருந்தது.
தொடுவானத்தில் ஒரு சாம்பல் கப்பல்,
கொடி தெரியாத தூரம்.
அதன் வேலையோ,
என் போனின் கிழட்டுத்தனமோ, யாருக்குத் தெரியும்?
இறால் வடைக்காரர் என்னை உரசிக்கொண்டு போனார்,
நான் நடுக்கடலில் நிற்பது தெரியாமல்.

எனக்குத் தலை நிமிர்த்தினால் பம்பலப்பிட்டி.
சவிரிமுத்து நிமிர்ந்தால்
நாலு பக்கமும் ஒரே தண்ணீர்.

திங்கட்கிழமை படிவத்தைத் திரும்ப எடுத்தேன்.
குடிசார் என்பதை வெட்டவில்லை.
அதுவும் பொய்யில்லையே.
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
மேல்மாடியில் யார்?

அழித்துவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள்.
அழிறப்பர் மேசையில்தான் கிடக்கிறது.